கோர்ட்டுக்குப் போன ஆடு

சமூகப்பணியில் பட்டம் பெற்று, வடசென்னையில் குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் சேர்ந்த புதிதில், நீதிமன்ற ஆணையை ஒருவர் மீறினால் அது மீறல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் என நம்பியிருந்தேன். மணலியில் டேங்கர் லாரி ஓட்டிய ஒருவர் அந்த நம்பிக்கையைக் குலைத்தார்.

எம்.கே.பி. நகர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வாழ்ந்த அவருடைய மனைவிக்கு மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணை வழங்கியிருந்தார். அடித்துப் பழகிய கணவர் அவள் வீட்டுக்குள் நுழையக் கூடாது. நேரிலோ, தொலைபேசியிலோ, பிறர் மூலமாகவோ அவளிடம் பேசக் கூடாது. அவர் ஆணையை எழுத்துக்கு எழுத்து மதித்தார். நேர் மேல்வீட்டில் இருந்த தன் அக்காவிடம் போய்த் தங்கினார். அக்கா வளர்த்த ஆட்டை மாடிப்படியில் கட்டி, நாள்தோறும் அதனுடன் உரக்கப் பேசத் தொடங்கினார்.

"இன்னா ஆடே, கோர்ட்டுக்கெல்லாம் போறியாமே? வக்கீலு வெச்சிகீறியாமே? இரு, ஒரு நாளு கால ஒடச்சி கைல குடுக்கறேன்."

ஜாடைப் பேச்சு நம் ஊரில் யாருக்கும் விளங்கும். அதை மனுவில் எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. 'எதிர்மனுதாரர் மேற்படி ஆட்டை நோக்கி' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். நீதிமன்றம் சிரித்துவிட்டால், ஆணை வெறும் காகிதமாகும். அவள் வீட்டை விட்டு ஓட நேரும். சிரிக்காமல் அவரைச் சிறைக்கு அனுப்பினால், அவர் வேலை போகும். பிள்ளைக்கு வரும் பராமரிப்புத் தொகையும் நிற்கும். இரண்டையும் அவளிடம் விளக்கினேன்.

"ஜெயிலெல்லாம் வோணாம் மேடம். அப்பறம் மனு போட்டு அந்தாள உள்ள போய்ப் பாக்க வான்னு அவங்க வூட்ல என்னியத்தான் இஸ்துகினு போவாங்க. என் தலைக்கு மேல அந்தாளு இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

விசாரணையன்று கணவரின் வழக்கறிஞர், தம் கட்சிக்காரர் கால்நடையுடன் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று கம்பீரமாக வாதிட்டார். மாஜிஸ்திரேட் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கணவரிடம் திரும்பினார்.

"உங்க ஆடு எந்தக் கோர்ட்டுக்குப்பா போச்சு?"

"ஆடு எதுக்கும்மா கோர்ட்டுக்கு..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அது வெச்ச வக்கீல் யாரு?"

அவர் தன் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் மின்விசிறியைப் பார்த்தார்.

தம்பிக்கு ஆதரவாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "என் ஆட்ட இன்னாத்துக்குடா கேசுல இஸ்து வுடற, கஸ்மாலம்? அது பாட்டுக்கு போஸ்டர் துன்னுகினு கீது. பொண்டாட்டியத்தான் திட்டனேன்னு ஒத்துக்கினு போவியா!"

காவலர் அவரை உட்காரவைப்பதற்குள் வழக்கு முடிந்துவிட்டது. கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மனைவியின் விருப்பத்தையும் கேட்டறிந்த மாஜிஸ்திரேட், அவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடுவித்தார். ஓராண்டுக்கு அவர் அந்தக் குடியிருப்பின் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. மிதித்தால் தண்டனை உறுதி.

"மனுஷங்ககிட்டப் பேசப் போனேன், மிருகங்ககிட்டப் பேசப் போனேன்னு இங்க வந்து நிக்கக் கூடாது. புரியுதா?"

அடுத்த வாரம் நிலைமையை அறிய நான் சென்றபோது, அவர் மணலியில் நண்பரின் அறைக்குப் போய்விட்டிருந்தார். அவள் கதவருகே இருந்த இரும்பு பீரோவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இத்தனை காலமும் இரவில் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறாள்.

"இனிமே தாப்பா போதும் மேடம். அந்தப் பக்கம் புடிங்க."

இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். பீரோ கிறீச்சிட்டதே தவிர நகரவில்லை. சத்தம் கேட்டு மேல்வீட்டு நாத்தனார் இறங்கிவந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"இன்னாமே, வூட்ட இடிக்கறீங்களா?" என்றவர், காலை உள்ளே வைக்கப் போய்ப் பின்வாங்கினார். "ஆமா, அந்தக் கோர்ட்டு ஆர்டரு எனக்கும் சேத்தா?"

அவள் நகர்ந்து நாத்தனாருக்கு வழிவிட்டாள்.

"உங்களுக்கு இல்ல அண்ணி. உள்ள வந்து ஒரு கை புடிங்க."