மச்சான் மூடிய கிணறு

பழைய ஊறுகாய் பாட்டில் நிறையச் சோப்புத் தண்ணீர், அதில் செருகிய ஒரு பெயிண்ட் பிரஷ். மச்சானை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் வருகிறது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கொச்சி மட்டாஞ்சேரியில் இரண்டு வீடும் ஒரே தெரு. ஆந்திரப் பக்கத்துக் கடலில் கேஸ் எடுக்கப்போகிறார்கள், ஆள் வேண்டும் என்று சொன்னபோது இருவரும் ஒன்றாகத்தான் ரயிலேறினோம். அவர் பைப் பிட்டர். நான் சாரம் கட்டுகிறவன்.

கடலடியில் துளைத்த கிணற்றிலிருந்து முதன்முதலாக கேஸ் ஏறி, எங்கள் இரும்பு மேடையின் ஓரத்தில் நீட்டியிருந்த குழாய் நுனியில் நெருப்பு பற்றிய காலையை மறக்க முடியாது. திருக்கார்த்திகை தீபம் கண்டதுபோல் என்னை அறியாமல் கைகூப்பி நின்றேன். “கும்பிட்டது போதும் மாப்ளே, அந்தப் பலகையை இறுக்கிக் கட்டு. சாமி கீழ விழாது, நான்தான் விழுவேன்” என்றார் மச்சான்.

குழாய் மூட்டில் கேஸ் கசிகிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் பூசுவார்கள். கசிந்தால் குமிழ் வரும். மற்றவர்கள் பூசி, ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த மூட்டுக்குப் போய்விடுவார்கள். மச்சான் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, நூற்றெட்டு முறை முருகா என்று சொல்லி முடிக்காமல் எழுந்திருக்கமாட்டார். கூட வேலை செய்த மலையாளிச் சேட்டன்மார் அதற்கு முருகன் டெஸ்ட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாயா ஆறுகிறது, உங்கள் முருகனைக் கொஞ்சம் ஓடச் சொல்லுங்கள் என்று கிண்டல் செய்வார்கள். மச்சானும் சேர்ந்து சிரிப்பார். எண்ணிக்கையை மட்டும் விடமாட்டார்.

அந்தக் கேஸ் எத்தனையோ வீட்டில் அடுப்பெரித்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஓடு மாற்றிக் கான்கிரீட் போட்டதும் அந்தச் சம்பளம்தான். பிறகு வருஷா வருஷம் கேஸ் குறைந்து, கிணறுகளையெல்லாம் மூடுவதென்று முடிவானது. கிணற்றை அப்படியே போட்டுவிட்டு வரமுடியாது. ஒவ்வொன்றிலும் சிமெண்ட் இறக்கி, இறுகவிட்டு, கசிவில்லை என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டபிறகுதான் குழாயை அறுத்து மேடையைப் பிரிப்பார்கள். திறந்தபோது இருந்தவர்கள் என்று எங்களையும் அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

கடைசிக் கிணற்றை மூடும் நேரமும் என் மகள் கல்யாணமும் ஒன்றாக வந்தன. எங்களில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்து, கைபிடித்துக் கூட்டிப்போய்த்தான் பெண்ணை மணவறையில் உட்காரவைப்பார். அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். ஹெலிகாப்டரில் எங்கள் இருவருக்கும் இடம் சொல்லியாயிற்று. அழுத்தமானியில் முள் அசையவில்லை. மச்சான் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவர் பூசிவிட்டு உட்கார்ந்தார். நான் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். அவர் முருகா முருகா என்று சொல்லச் சொல்ல, குமிழ் வரக்கூடாது முருகா என்று நானும் வேண்டினேன். தொண்ணூறைத் தாண்டியிருக்கும். போல்ட் ஓரத்தில் மிளகளவு ஒரு குமிழ் எழும்பி உடைந்தது. துடைத்துவிட்டு மறுபடி பூசினார். அதே இடம், அதே குமிழ். எஞ்சினியர் நல்ல மனுஷர்தான். உள்ளே தங்கிய காற்றாக இருக்கும், வேறு பிட்டர் கையெழுத்துப் போடட்டும், நீங்கள் கல்யாணத்துக்குப் போங்கள் என்றார். மச்சான் சம்மதிக்கவில்லை.

“பிடிவாதம் பிடிக்காதே மச்சான். பொண்ணுக்கு யாரு மாலை எடுத்துக் குடுப்பா?”

“கண்ணால பாத்துட்டேன் மாப்ளே. நாம போனப்புறம் இதைப் பாக்க இங்க ஆள் கிடையாது. மேல எவனாவது வலை போட்டுட்டு நிப்பான். நீ கிளம்பு, அவகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

இனி என் வாசல்படி ஏறாதே என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்தேன்.

கல்யாணத்தன்று என் மனைவியின் சித்தப்பா மகன் ஒருவன் தாய்மாமன் இடத்தில் நிற்கப் பட்டுவேட்டி கட்டித் தயாராக இருந்தான். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “மாமா இடத்துல யாரும் நிக்க வேணாம்ப்பா. நானே நடந்து வர்றேன்” என்றாள். திருப்பூணித்துறையிலிருந்து வந்த சம்பந்தி, தாய்மாமன் எங்கே என்று சபையில் கேட்டார். கோபத்தில் இருந்த நான்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. “கடல்ல ஒரு கிணறு சரியா மூடலை. மூடிட்டுத்தான் வருவேன்னு நிக்கறார்” என்றேன். சொல்லும்போதே என் குரல் நிமிர்ந்ததை நானே கேட்டேன். சம்பந்தி தலையாட்டிவிட்டு மேளக்காரருக்குக் கைகாட்டினார். மகள் தனியாக நடந்து வந்து உட்கார்ந்தாள்.

அங்கே பழைய சிமெண்டைக் குடைந்து பார்த்தபோது ஒரு பக்கம் பிடிக்காமல் இடைவெளி விட்டிருந்ததாம். மறுபடி இறக்கி, இறுகவிட்டு, குமிழில்லை என்று கண்டபிறகே கையெழுத்துப் போட்டார். ஊருக்கு வந்தவர் என் வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். “படி ஏறாதேன்னு உத்தரவாச்சே” என்றார். நான் போய் அவர் பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன். எங்கள் இருவரில் யார் வேண்டுதலை முருகன் கேட்டான் என்பதும், ஏன் கேட்டான் என்பதும் அன்றே எனக்கு விளங்கிவிட்டது.

இன்று அந்த இடத்தில் மேடையும் இல்லை, நெருப்பும் இல்லை. வெறும் கடல். மீன்பிடிப் படகுகள் அதன் மேலேயே போய்வருகின்றன.

போன மாதம் பேத்திக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமனான என் மகனின் உரிமை. அவன் உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் எழுந்துகொண்டான்.

“மாமா, நீங்க உக்காருங்க. அன்னிக்கு உங்க இடத்துல நாங்க யாரையும் விடலை.”

மச்சான் தயங்கி என்னைப் பார்த்தார். பாயை நேராக இழுத்துப் போட்டேன்.