சுதா கடலில் இறங்கிய மதியம்

அகதி முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் ஓவியங்களை அடையாறில் ஒரு சின்னக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தோழி சொன்னாள். ஈழத்திலிருந்து படகில் வந்த குடும்பம். மகளுக்கு இங்கேயும் குடியுரிமை இல்லை. போன சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலை பதினொன்றுக்கு அசோக் நகரில் ஆட்டோ பிடித்தேன். எட்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம், 190 ரூபாய்.

ஓட்டியவர் தேவி அக்கா. சிந்தாதிரிப்பேட்டையில் கூவக்கரை வீட்டை இடித்தபின் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர். "உள்ள பாக்க துட்டு கேப்பாங்களா?" என்றார். இலவசம் என்றதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவரும் வந்துவிட்டார்.

நாலு பக்கமும் பழைய புடவைகள். அவற்றில் தன் முகாம் வீட்டை அதே அளவில் வரைந்திருந்தார் ஓவியர் சுதா; அவரும் அங்கேயே இருந்தார். பத்தடிக்குப் பத்தடி, அடுப்பு, கொடியில் பள்ளிச் சீருடை. தேவி அக்கா நடுவில் நின்று கைகளை விரித்துப் பார்த்தார்.

"எங்க வூடும் இம்மாந்தான். இன்னாமா, கதவு மட்டும் இவ்ளோ பெருசா போட்டுக்கீற?"

சுதா சிரித்தார். "அது மட்டும் உண்மை அளவில்லை அக்கா. என்ர விருப்பத்துக்குக் கீறினது."

ஒரு புடவை முழுக்க நீலம். கடலா என்று கேட்டேன்.

"அம்மா சொன்ன கடல். நான் கிட்டப் போனதில்லை. வரேக்க படகில அண்ணாவைப் பறிகுடுத்தவ, என்னை விடமாட்டா. நாலு மணிக்கு பஸ். நாளைக்கு முகாமில ஆள் கணக்கெடுக்கிற பதிவு இருக்கு, நான் நிக்க வேணும்."

"பெசன்ட் நகர் இங்கதான் கீது. பத்து நிமிஷம். ஏறு கண்ணு," என்றார் தேவி அக்கா.

மணி ஒன்றேகால். மணல் காலைச் சுட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீர் வரை போன சுதா, அங்கிருந்தே கைபேசியில் அம்மாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, கடலுக்க நிக்கிறன்."

அம்மா பதறிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. மறுமுனையிலிருந்து மெல்ல ஒரு குரல்: "தண்ணி சூடோ, குளிரோ?"

"இளஞ்சூடு அம்மா."

"அப்ப கொஞ்சம் நில்லு."

சுதா அழுதார். தேவி அக்கா அவர் கையை விடவேயில்லை. இரண்டு மணிக்குக் கிளம்பினோம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நாலு மணிப் பேருந்து கிடைத்துவிட்டது.

அந்தக் கடற்கரைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருமுறைகூட யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

கண்காட்சி மாதக் கடைசி வரை, காலை 10 முதல் மாலை 5 வரை. திங்கள் விடுமுறை. அடையாறு பணிமனையில் இறங்கினால் நடந்தே போகலாம். முகாமை விட்டு வெளியே வர அனுமதி கிடைத்தால் அடுத்த சனிக்கிழமை சுதா வருவார். பார்த்தால், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்து என்ன வரையப்போகிறார் என்று கேளுங்கள்.