விளம்பரத்துல வந்த எங்க ஊட்டுக்காரர் தலை

முந்தாநாள் லஞ்ச் டைம்ல ஃபோன்ல ஒரு விளம்பரம். அதுல எங்க ஊட்டுக்காரர்!

(சினிமாக்காரர் எல்லாம் இல்லீங்க. சேலத்துல லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காரு.)

நான் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு பல் ஆஸ்பத்திரில ரிசப்ஷன்ல இருக்கேன். டிபன் பாக்ஸத் தொறந்து ஒரு வாய் தயிர் சோத்த வெச்சுக்கிட்டே ஃபோனத் தள்ளிட்டு இருந்தேன்.

"21 நாளில் முடி! மூலிகை எண்ணெய்!"

இடது பக்கம் 'முன்பு'ன்னு ஒரு வழுக்கைத் தலை.

எனக்குத் தெரியாத தலையா அது! இருவது வருசமா ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து பாத்துட்டு வர்ற தலைங்க! (ஹெல்மெட் போடச் சொன்னா கேக்கறதில்ல, அது வேற பஞ்சாயத்து.)

வலது பக்கம் 'பின்பு'. அதே மூஞ்சி, அதே மச்சம், அதே கோடு போட்ட சட்டை. தலைல மட்டும் கருகருன்னு காடு மாதிரி முடி. நடு வகிடு வேற!

கீழ "ராஜேஷ், வயது 29, சேலம்"னு போட்டிருக்கு.

எங்க ஊட்டுக்காரர் பேரு அமல்ராஜ். வயசு நாப்பத்தேழு!

எனக்குப் பொரையேறிருச்சு. டாக்டரம்மா ஓடி வந்து தலைல தட்டினாங்க. ஃபோனக் காட்டினேன். அவங்களுக்கும் பொரையேறிருச்சு (அவங்க ஒண்ணுமே சாப்பிடல!).

சாயந்திரம் ஊட்டுக்குப் போனதும் ஃபோன நீட்டினேன்.

"ஏனுங்க, யாருங்க இந்த ராஜேஷ்?"

வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. கோவப்படுவாருன்னு நெனச்சேன்.

"நல்லாத்தான் இருக்குதில்ல?"ன்னாரு.

நான் மொறச்ச மொறைப்புல அப்புறம் எல்லாம் வெளிய வந்துச்சு.

ரெண்டு மாசம் முன்னாடி பாதி விலை ஆஃபர்னு பாத்து, எங்களுக்குத் தெரியாம கடை அட்ரஸுக்கு மூணு பாட்டில் வாங்கியிருக்காரு. தெனமும் ஷட்டரப் பாதி எறக்கிட்டுத் தேய்ச்சிருக்காரு. முடி வரல. அரிப்புதான் வந்துச்சு. காசத் திருப்பிக் குடுங்கன்னு மெசேஜ் போட்டதுக்கு, "எங்க டாக்டர் பாக்கணும், தலைய நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னு கேட்டிருக்காங்க. இவரும் அனுப்பியிருக்காரு.

சிரிச்ச மூஞ்சியோட!

"ஏமாந்துட்டு நிக்கறீங்க, எதுக்குங்க சிரிச்சீங்க?"

"போட்டோன்னா சிரிக்க வேண்டாமா?"

அப்பப் பாத்து அவரு ஃபோன் அடிச்சுது. "அவங்கதான்! ரீஃபண்ட் இன்னிக்கு வருதுன்னாங்க"ன்னு ஸ்பீக்கர்ல போட்டாரு.

தேன் ஒழுகற மாதிரி ஒரு தம்பி குரல். "சார், காலைல சொன்ன ஆப்ப இன்ஸ்டால் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டனுங்க."

"இப்ப ஒரு ரிக்வெஸ்ட் வரும் சார். பின் நம்பர் போடுங்க, உங்க பணம் உள்ள வந்துரும்."

அந்த அக்கவுண்ட்லதான் எங்க பொண்ணோட நர்சிங் காலேஜ் ஃபீஸ் மொத்தமும் கெடக்கு!

நான் எந்திரிக்கறதுக்குள்ள அவரு மூணு நம்பர் அமுக்கிட்டாரு. பாஞ்சு புடுங்கினேன்.

"பணம் போறதுக்குத்தானுங்க பின்னு! வர்றதுக்கு எதுக்குங்க பின்னு?"

அந்தத் தம்பி லைன்லயேதான் இருந்தான். "மேடம், டைம் முடியப் போகுது மேடம்..."

"ஏந்தம்பி, ராஜேஷ் இருக்காருங்களா?"

"எந்த ராஜேஷ் மேடம்?"

"இருவத்தொம்போது வயசு. சேலம். தலை நெறைய முடி. நான் அவரு சம்சாரம் பேசறேன்!"

டொக்!

பொண்ணு ஓடி வந்து நெட்ட ஆஃப் பண்ணி, அந்த ஆப்பத் தூக்கினா. நான் என் ஃபோன்ல இருந்து பேங்க்குக்குக் கூப்பிட்டு அக்கவுண்ட நிறுத்தி வெக்கச் சொன்னேன். ஒரு பைசா போகல. மாதாவே!

அவரு அப்படியே சோஃபால உக்காந்துட்டாரு.

"போயிருந்தா புள்ள மூஞ்சில எப்படி முழிப்பேன், ஸ்டெல்லா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லங்க?"

"கேட்டா சிரிப்பியே."

சிரிச்சுத்தான் இருப்பேன். பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டேன்.

"போலீஸ் கீலீஸ் எல்லாம் வேண்டாம், மானம் போயிரும்"னாரு. சரின்னு உட்டுட்டேன்.

மறுநா காலைல நாமகிரிப்பேட்டைல இருந்து அவரு அக்கா ஃபோன்.

"ஏஞ்சாமி, உன்ற விளம்பரத்தப் பாத்தேன்! மாமனுக்கு ரெண்டு பாட்டில் ஆர்டர் போட்டுட்டேன். யாரோ சொன்னா நம்புவனா? நீயே நிக்கறியேன்னுதான் போட்டேன்!"

பார்சல் வந்தா வாங்காதீங்க, காசு குடுக்காதீங்கன்னு அக்காகிட்டச் சொல்லிட்டு, ஃபோன வெச்சவரு நேராப் போயி சட்டையப் போட்டாரு.

"கெளம்பு. என் மூஞ்சிய வெச்சு எங்கக்காவயே ஏமாத்தறானுங்க."

நேத்து சைபர் கிரைம் ஆபீஸ் போனோம். அங்க இருந்த ஆபீசர் ஃபோனப் பாத்தாரு, இவரப் பாத்தாரு, மறுபடி ஃபோனப் பாத்தாரு.

"இதுல நீங்க எதுங்க சார்?"

"இடது பக்கங்க."

சிரிக்காம எழுதிக்கிட்டாரு, பெரிய மனுசன். ஃபோன்ல இருந்ததெல்லாம் காப்பி எடுத்துக்கிட்டு, உடனே வந்தது நல்லதாப் போச்சு, வெக்கப்பட்டுக்கிட்டு நெறையப் பேரு வர்றதே இல்லன்னாரு.

அதனாலதான் அவரு சொல்லியே இத எழுதறேன். "என் பேரப் போட்டே எழுது, அந்த ராஜேஷ் நான் இல்லன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்"னாரு. அந்த விளம்பரம் உங்க ஃபோன்ல வந்தா தயவுசெஞ்சு ரிப்போர்ட் அடிங்க!

எல்லாம் முடிஞ்சு கையெழுத்துப் போட்டு எந்திரிச்சோம். ஆபீசர் கதவு வரைக்கும் கூட வந்தாரு. அக்கம் பக்கம் பாத்தாரு. தொப்பியக் கழட்டினாரு.

உள்ள பளபளன்னு!

"அது கெடக்குது சார்... அந்த எண்ணெய் கொஞ்சமாச்சும் கேட்டுச்சுங்களா?"