கழுகனின் நெற்றி

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற மனிதர் ஒருவர், டெலிவிஷனில் வரும் முகமூடிக்காரனோடு கோபித்துக்கொண்டு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவார் என்று சொன்னால் எங்கள் ஸ்ரீரங்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் என் பக்கத்து வீட்டு வால்ட்டர் அப்படித்தான். சிறு வயதிலிருந்து அவர் சேர்த்துவைத்திருக்கும் காமிக்ஸ் புத்தகங்களில் அந்த வீரன் சிரிப்பதே கிடையாதாம். டெலிவிஷன்காரர்கள் அவனைக் கோமாளியாக்கிவிட்டார்கள். நேற்று என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். திரையில் வீரன் இடறி விழுந்தான். அவருடைய பிள்ளைகள் சிரித்தார்கள். வால்ட்டர் முகம் சிவந்து, “அது அவன் இல்லை” என்றார். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனார். அதே வார்த்தையை, அதே கோபத்தோடு, திருச்சியில் கேட்டிருக்கிறேன்.

அப்போது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். வாரப் பத்திரிகை ஒன்றில் ‘கழுகன்’ என்ற சித்திரத் தொடர் வந்துகொண்டிருந்தது. கறுப்புப் போர்வை, கண்ணையும் மூக்கையும் மூடிய முகமூடி, புருவம்வரை இறங்கிய தலைப்பாகை. அவன் எந்த ஜாதி, எந்த மதம் என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே பாலக்கரை, உறையூர், ஸ்ரீரங்கம் என்று எல்லோரும் அவனைத் தங்கள் ஆளாக நினைத்திருந்தார்கள். அந்தக் கதையை எங்கள் ஊர் நாடகக் குழு திருச்சியில் மேடையேற்றியது. கழுகனாக என் அண்ணா சம்பத். நடிப்பை விட்டால் அவனுக்கு வேறு நினைப்பில்லை. அப்பாவோ பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதிச் சேவிப்பவர். ஒரு தடவை வந்து பார்க்கிறேன், மனசுக்குப் பிடித்தால் நடி, இல்லாவிட்டால் பொன்மலையில் ரயில்வே வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமென்று தலைப்பாகையை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் மேக்கப்காரருக்குக் கதாநாயகன் என்றால் நெற்றியில் பெருமாள் திருவடியின் அடையாளமான திருமண் இட்டே பழக்கம். இட்டிருந்தார்.

“கழுகனுக்கு எப்பய்யா நாமம் வந்துச்சு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “இது அவன் இல்லை. ஆளை மாத்துங்க” என்று இன்னொரு குரல். பெஞ்சுகள் சரிந்தன. அதற்குள் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் எழுந்துவிட்டார். “நாமம் இருக்கட்டும் ஓய், பாதம் எங்கே?” மூக்கின்மேல் இறங்கும் பாதத்தை முகமூடி மறைத்திருந்தது. பாதம் இல்லாவிட்டால் அது வடகலை நாமம், நாங்களோ தென்கலை. ஒரு பக்கம் நாமமே கூடாதென்று சண்டை, இன்னொரு பக்கம் எந்த நாமம் என்று சண்டை. சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் மேடையில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. அண்ணாவை அடித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

அண்ணா மேடையின் முன்னால் வந்து நின்றான். போர்வை நுனியால் நெற்றியை அழுத்தித் துடைத்தான். தலைப்பாகையைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். கொட்டகையே கைதட்டியது. அப்பா எழுந்து அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பெருமாள் திருவடியைத் துடைச்சு எறிஞ்சவன் நம்மாத்துப் படி ஏறப்படாது. சொல்லிடு அவன்கிட்ட” என்றார். நாடகம் கடைசிவரை அமோகமாக நடந்தது. அண்ணா அங்கிருந்தே மெட்ராஸுக்கு ரயிலேறினான். இன்றுவரை வீட்டுக்கு வரவில்லை.

வால்ட்டரின் பின்னாலேயே போய், அப்பா சொன்னதை மட்டும் விட்டுவிட்டு இதைச் சொன்னேன். அவர் கோபமெல்லாம் பறந்துவிட்டது. “உங்கள் அண்ணன் செய்ததுதான் சரி. வெறும் சாயம்தானே? அதைத் துடைத்து வீரனைக் காப்பாற்றிவிட்டார். உங்கள் அப்பா எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

போன தடவை லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா என் நெற்றியைப் பார்த்துப் பூரித்துப்போனார். “அமெரிக்கா போயும் இவன் மாறலை” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணா பெயரை யாரும் எடுக்கவில்லை.

இன்று காலையும் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு பெருமாளைச் சேவித்தேன். வாசலில் வால்ட்டர் ஹாரன் அடித்தார். ஆபீசுக்கு அவர் காரில்தான் போகிறேன். கதவருகே ஒரு கண்ணாடி இருக்கிறது, பக்கத்தில் ஆணியில் ஒரு துண்டு. தினமும் செய்வதுபோலத் துண்டை நனைத்து நெற்றியை அழுத்தித் துடைத்தேன். அண்ணா ஒரே ஒரு தடவைதான் துடைத்தான். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கதவு எனக்குத்தான் திறந்திருக்கிறது.