ஆற்றில் செம்பு தேடியது

சென்னைக்கு வந்து சில வருஷமாகியும், குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தவுடன் நாக்கு தாமிரபரணியைத் தேடுகிறது. அந்த ருசிக்குச் செம்புதான் காரணம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பொதிகையில் செம்புப் பாறை இருக்கிறதாம், மழை அதைக் கரைத்துக் கொண்டுவருகிறதாம், ஆற்றுக்குப் பேரே அதனால்தானாம். ஊரில் கல்லூரி படிக்கையில், ரசாயனப் பாடம் தொடங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செம்பு இருந்தால் அதைக் காட்டிவிடலாமே.

அவசரத்துக்கு வேறு காரணமும் உண்டு. அப்பா கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. எப்.ஏ. பரீட்சை முடிந்ததும் என்னையும் அங்கே உட்கார வைப்பது அவர் எண்ணம். நானோ சென்னையில் ரசாயனம் படிக்கத் துடித்தேன்.

"கலர் தண்ணியக் குலுக்குத படிப்பு சோறு போடுமாலே?" என்பார். ஆற்றில் செம்பு இருப்பதை மாணவர் சங்கத்தில் செய்து காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்றேன்.

"சரி, பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்."

அம்மா புளி போட்டுத் துலக்கிய செப்புத் தவலையில் ஆற்று நீர் எடுத்து வந்தேன். அடுக்களைக்குள் திராவகம் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் புறவாசலில் கல் கூட்டி, அடியில் கொஞ்சம் மிஞ்சும்வரை காய்ச்சினேன். கல்லூரியில் கெஞ்சி வாங்கிய திராவகத்தில் சில துளியைத் தவலையிலேயே விட்டு அலசி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அமோனியா சேர்த்தேன். மயில் கழுத்து நீலம். செம்பு இருந்தால் வரும் நீலம் அது.

பாளையங்கோட்டைச் சிநேகிதன் மட்டும் நம்பவில்லை. "கிணத்துத் தண்ணியையும் இப்படியே செஞ்சு பாரும் வே. அதுல நீலம் வரலைன்னாத்தான் இது ஆத்துச் செம்பு."

நியாயமான பேச்சு. அதையும் சபையிலேயே காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி, கூட்டத்தன்று காலையில் அதே தவலையில் கிணற்று நீரையும் அதே விதமாகக் காய்ச்சி எடுத்துப் போனேன்.

அப்பா முன்வரிசையில், அங்கவஸ்திரத்தை மடித்து மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆற்று நீர் நீலமானது. கைதட்டினார்கள். கிணற்று நீரில் அமோனியாவை விட்டேன். அதுவும் நீலம், இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக.

"ஏலே, உங்க வீட்டுக் கிணத்துலயும் தாமிரபரணிதான் ஓடுதா?" என்றது பின்வரிசைக் குரல். கூடமே சிரித்தது.

சிநேகிதன் எழுந்தான். "எதுல வே காய்ச்சினீரு?"

"செப்புத் தவலையில" என்று வாய் சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. திராவகம் தவலையைத் தின்றிருக்கிறது. அப்பா சிரிக்கவில்லை. அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தேன். அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். கையில் ஒரு புது மண்பானை, நிறைய ஆற்று நீர்.

"எந்திரிலே. இதுல காய்ச்சு."

காய்ச்சினேன். பக்கத்தில் குத்தவைத்து அவரே அடுப்பை ஊதினார். கச்சேரிக்கு நேரமாவதை அம்மா சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அமோனியா விட்டதும் லேசாகக் கலங்கியதே தவிர நீலம் இல்லை. அப்பா குழாயை வாங்கி வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அப்போ ருசிக்கு வேற என்னமோதான் காரணம்" என்றார். குழாயைத் திருப்பிக் கொடுத்தபடி, "அத மெட்ராஸுல சொல்லிக்குடுப்பாகளா?"

சொல்லிக்கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். லீவுக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார். இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.