அத்தானின் எட்டாம் மாதப் பறுவம்

மல்வேர்னில் யார் வீடு குடிபுகுந்தாலும், யார் பிள்ளைக்குக் காது குத்தினாலும், நாள் வைத்துக் கொடுப்பவர் என் அத்தான் இராசரத்தினம்தான். பகலில் மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுவார். மாலையில் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை விரித்து, அந்த நாட்டு நேரத்திலிருந்து இந்த நாட்டு நேரத்தைக் கழித்துச் சனங்களை ஆட்டிவைப்பார். பனி கொட்டும் தை மாதத்தில் விடிய ஐந்து மணிக்குப் பால் காய்ச்ச வைத்த மனிதர். அவர் நாள் வைத்த கல்யாணம் ஒன்று ஆறே மாதத்தில் முறிந்தபோது, மாப்பிள்ளையின் பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரியில் பிழையாக எழுதிவிட்டார்கள் என்றார்.

அக்கா யோகராணியின் தம்பி என்ற உரிமையில் அவர்களுடைய பேஸ்மென்ற்றில் ஆறு வருடம் கிடந்த நான் சொல்கிறேன், இப்படி ஒரு அலட்டலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், பிரதீபா. யூனிவர்சிற்றி முடித்ததும் ஆங்கிலம் படிப்பிக்கக் கொரியாவுக்குப் போய்விட்டாள். ஏபிசி சொல்லிக் கொடுக்கவோ இவளைப் படிப்பித்தேன் என்று அத்தான் இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆனியில் அக்காவுக்கு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடப் படிப்பிக்கிற கொரியப் பெடியன் ஒருவனைக் கட்ட விரும்புகிறாள். எட்டாம் மாதப் பறுவத்தில், அந்த முழுநிலா நாளில், அவர்களுக்குச் சுசொக் என்று ஒரு அறுவடைத் திருநாள். இறந்துபோன மூத்தோருக்குப் படைக்க முழுக் குடும்பமும் ஊருக்கு வந்து கூடுமாம். அன்றைக்கு அம்மாவும் அப்பாவும் வந்து பெடியனின் தகப்பனைக் கண்டால் அவர் சம்மதிப்பார். வராவிட்டால், பெண் வீட்டாருக்கு விருப்பமில்லை என்று பேச்சை முடித்துவிடுவார். பறுவம் என்ற சொல்லைத் தகப்பனுக்காகவே தேடி எழுதியிருந்தாள், பாவம்.

அக்கா அழுதாள். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் அத்தான் இறங்கி வந்தார். இறங்கியவர் சும்மா இருந்தாரா? நூலகத்திலிருந்து கொரியாவைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்து, யாருடைய பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் பார்ட்டி ஹோலில் பிரசங்கம் வைத்தார். அந்த நாட்டுக்கு இலையுதிர்காலத்தில்தான் போகவேண்டுமாம். அன்டோங் என்ற ஊரில் முகமூடிக் கூத்து, இன்னொரு ஊரில் ஊறுகாய்க்கே ஒரு விழா, மலை முழுக்கச் சிவந்த மேப்பிள். கொரியா எந்தத் திக்கில் இருக்கிறது என்று ஆனி மாதம்வரை தெரியாதவர், ஆடியில் அந்த நாட்டுக்குத் தூதுவரானார்.

திகதியும் அவரே வைத்தார். சித்திரையிலிருந்து விரல் விட்டு எண்ணினால் எட்டாவது கார்த்திகை. கார்த்திகைப் பறுவம் டிசம்பர் மூன்றாம் திகதி. "எங்கடை கார்த்திகை விளக்கீடுதான். உவையள் வேறை பேர் வைச்சிருக்கினம், அவ்வளவுதான்" என்றார். மகளிடம் ஒருக்கால் கேட்போமா என்று அக்கா மெல்லச் சொன்னாள். பறுவம் பார்க்கத் தனக்குக் கொரியாக்காரன் சொல்லித்தர வேண்டுமோ என்று பாய்ந்தார். டிசம்பர் முதலாம் திகதிக்கு ரிக்கற் போட்டாயிற்று.

எங்கள் பிளாசாவில் மூலைக்கடை வைத்திருந்தவர் ஒரு கொரியர். ஆவணியில் ஒருநாள் பால் வாங்கப் போனபோது, அவருடைய தலைக்குப் பின்னால் தொங்கிய கலண்டரைப் புரட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒக்ரோபர் நாலு, ஐந்து, ஆறு, மூன்றும் சிவப்பில் இருந்தன. சுசொக் என்று விரலை வைத்துக் காட்டினார். அவர்கள் எண்ணுவது அவர்களுடைய வருடப்பிறப்பிலிருந்து. அந்தப் பறுவம் எங்களுக்குப் புரட்டாசி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. சொல்லலாம்தான். சொன்னால், ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடத்தில் நான் கோட்டைவிட்ட கதையை அவர் மறுபடி தொடங்குவார். பிரதீபா எப்படியும் போனில் திகதியைச் சொல்லுவாள், அப்போது மனிதரின் மூஞ்சி கறுக்கும், அதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

செப்டெம்பரில் அவள் எடுத்தாள். எடுத்த போன் அத்தானின் கையில் போய் விழுந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளோடு முதற்பேச்சு.

"எல்லாம் புக் பண்ணியாச்சு. பறுவத்துக்கு முதல்நாள் உங்கை நிப்பம்" என்றார். வைத்துவிட்டார். அப்போதும் நான் பேஸ்மென்ற் படியில் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

ஒக்ரோபர் நாலாம் திகதி, ஞாயிறு பின்னேரம். குசினி ஜன்னலில் நிலா ஏறக்குறைய முழுசாக வந்திருந்தது. அங்கே திங்கள் காலை. போன் வர, அக்கா எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அம்மா, நேற்று முழுக்க எயார்போட்டிலை நிண்டனான். நீங்கள் எந்தப் பிளேன்? இஞ்சை படைச்சு முடிஞ்சுது. உங்கள் ரெண்டு பேருக்கும் எண்டு போட்ட பாயை இப்பதான் சுருட்டினவை."

அத்தான் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கார்த்திகைக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கு. உவையள் மாதத்தைப் பிழையா எண்ணுகினம்" என்றார். மறுமுனையில் பிரதீபா போனை வைத்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரை அந்த இடத்திலேயே மடக்கவேண்டும் என்ற ஆத்திரத்தில் கத்தினேன். "மூலைக்கடைக் கலண்டரிலை சிவப்பிலை கிடக்கு. நான் ஆவணியிலையே பாத்தனான்."

அத்தானுக்கு உறைத்ததோ தெரியாது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஏன்ரா சொல்லேல்லை?"

நான் பேஸ்மென்ற் படியில் இறங்கிப் போனேன்.

டிசம்பரில் இருவரும் போய்த்தான் வந்தார்கள். பெடியனின் தகப்பன் அதற்குள் பேச்சை முடித்திருந்தார். அன்டோங் கூத்து மேடையைத் தறப்பாள் சீலையால் மூடிக் கட்டியிருக்க, அதன் முன்னால் குளிரில் மூக்குச் சிவந்து நின்று அத்தான் படம் எடுப்பித்திருக்கிறார். அதையும் கொண்டுபோய் ஹோலில் காட்டி, இலையுதிர்காலத்தில் கட்டாயம் போகவேண்டிய நாடு என்கிறார் வெட்கமில்லாமல். படத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பிரதீபாவின் முகத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

போன கிழமை விட்பியில் புது வீடு வாங்கிய ஸ்ரீஸ்கந்தராசா குடிபுக நாள் கேட்டு வந்தார். அத்தான் பஞ்சாங்கத்தை விரித்தார். தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா, என்னைப் பாராமல், வந்தவரிடம் நிதானமாகச் சொன்னாள்.

"தம்பியையும் ஒருக்கால் கேளுங்கோ அண்ணை. அவனுக்கும் நாள் எல்லாம் தெரியும்."