வெள்ளைப் பாம்பு எழுதச் சொன்ன கார்டு

"கிழிச்சிப் போட்டாராம். மறுநாளே ரத்தம் கக்கிட்டாராம்."

"யாரு?"

"தெள்ளார்ல யாரோ."

கவுன்டருக்கு வெளியே வரிசையில் நின்ற இருவர் பேசிக்கொண்டது இது. தபாலாபீஸ் கவுன்டர் வேலைக்கு வாயைவிடக் காதுதான் அதிகம் வேண்டும். அங்கே உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பி.ஏ. முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தபோது, ஊரெங்கும் ஒரு கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு கோயிலில் வெள்ளைப் பாம்பு தோன்றிப் பூசாரியிடம் பேசியதாம். அதை ஒன்பது நாளைக்குள் இருபத்தொரு பேருக்கு எழுதினால் நல்லது நடக்கும். எழுதாவிட்டால் வீட்டில் ஓர் உயிர் போகும். எந்த ஊர்க் கோயில் என்று யாருக்கும் தெரியாது. செத்தவர்கள் எல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள்.

விஞ்ஞானம்

ஒரு சயின்ஸ் வாத்தியார் இருபத்தொரு கார்டு கேட்டார். நான் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. நான் எதுவும் கேட்காமலே அவர் சொன்னார்: "எனக்கு இதுல நம்பிக்கை கிடையாதும்மா. ஆனா நம்பாதவன் வீட்லயும் நாலு உயிரு இருக்குதில்ல."

மஞ்சள் தடவிய மூலைகள்

கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். கல்யாணச் சேதி என்று சிரித்துக்கொண்டே கை நீட்டுகிறவர்கள், படித்ததும் தபால்காரர் சம்பந்தத்தின் மேல் பாய்வார்கள். ஒருவர் தெருமுனை வரை துரத்தி வந்து திருப்பிக் கொடுத்தாராம். சாயங்காலம் பையை இறக்கி வைத்துவிட்டுச் சம்பந்தம் சொன்னார்: "எழுதறவனுக்குக் கைவலி, எனக்குக் கால்வலி. அந்தப் பாம்புக்குத்தான் ஒரு வலியும் இல்ல."

விலாசம் இல்லாதவள்

முள்ளிப்பட்டிலிருந்து முனியம்மா என்ற நெசவுக்காரம்மா வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. கார்டு வந்து ஏழு நாளாகிவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கு நிறை மாதம். "நீயே எழுதிக் குடு கண்ணு" என்றாள்.

எழுதுவது கஷ்டமில்லை. யாருக்கு எழுதுவது? தெருக்காரர்களுக்கு அனுப்பினால் வாசலில் வந்து சண்டை போடுவார்கள். சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினால் மகளைத் திரும்ப அழைத்துப் போக வரமாட்டார்கள். தறிக்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளிக்கு அனுப்பினால் அடுத்த பாவு வராது. அவளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அவள் கண் கலங்கியதைப் பார்த்து, "என் பேருக்கே எழுதிடறேங்க, இருபத்தொண்ணும்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணாலம் ஆச்சா உனக்கு?"

"இல்லீங்க. ஆனா நான் இதையெல்லாம் நம்பறதில்ல."

"நீ நம்பலன்னு அந்தப் பாம்புக்கு எப்பிடிம்மா தெரியும்?"

எட்டாம் நாள்

வேறு வழியில்லாமல் சம்மதித்தாள். அன்றே எழுதிப் பெட்டியில் போட்டதை மறுநாள் சம்பந்தம் கட்டாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "ஊர்ல உனக்குத்தாம்மா சொந்தக்காரங்க ஜாஸ்தி" என்றார். நான் யாருக்கும் எழுதவில்லை. மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். ஆனால் நாள் எண்ணவில்லை என்றால் அது பொய். கார்டுகள் என்னிடம் வந்த எட்டாம் நாள் ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தபோது முனியம்மா வந்தாள்.

"பொட்டப்புள்ள. தாயும் புள்ளையும் நல்லா கீறாங்க" என்றாள். நான் தும்மினேன். அவள் முகம் மாறியது.

"நீ எழுதிட்டியா?"

"இல்லீங்க."

"அந்தக் கார்டுங்கள எடு."

எடுத்து வைத்தேன்.

"உன் பேர அடி. என் பேரப் போடு."

"இனிமே எதுக்குங்க? அதான் நல்லபடியா..."

"உனக்கு நாளையோட கெடு முடியுது. ஜல்தி எழுதும்மா. பஸ்ஸு போயிடும்."

அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒவ்வொரு கார்டிலும் என் பெயரை அடித்து, முனியம்மா, முள்ளிப்பட்டு என்று எழுதினேன். எழுத்து தெரியாவிட்டாலும் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்றும் முடிந்ததும், தபால் பெட்டியில் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போய் பஸ் ஏறினாள்.